சிறு மருத்துவமனைக்கு மருந்துப் பட்டியல் போடுவது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்றிரண்டு டாக்டர், ஒரு மருந்தாளுநர், சில நர்ஸ்கள் வைத்து நடக்கும் அறக்கட்டளை மருத்துவமனை, ஆலய வளாகத்து டிஸ்பென்சரி, எஸ்டேட் கிளினிக், வீடு வீடாகப் போகும் வலி தணிப்புக் குழு ஆகியவற்றுக்காக இதை எழுதுகிறேன். இவற்றில் பல இடங்களில் ஒரே நிலைமைதான். அலமாரி நிறைய மருந்து இருக்கும், ஆனால் வயிற்றுப்போக்கோடு குழந்தை வரும் நாளில் ஓஆர்எஸ் இருக்காது. ஒரே கேஸ் மாத்திரை நான்கு கம்பெனிப் பெயரில் இருக்கும், கடும் அலர்ஜியில் உயிர் காக்கும் அட்ரினலின் ஆம்பூல் எக்ஸ்பயரி ஆகியிருக்கும்.

கீழே உள்ள வரிசையில் வேலை செய்தால் 100 முதல் 150 மருந்துக்குள் ஒரு பட்டியல் நிற்கும். வரிசையை மாற்றாதீர்கள். இதில் வரும் அளவுகள் பட்டியல் போடுபவருக்கான எடுத்துக்காட்டுகள்தான். நோயாளிக்கு எழுத வேண்டியவர் டாக்டர்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓ.பி. (வெளிநோயாளி) பதிவேடு வேண்டும், அதுவும் ஒரு முழு வருடத்துக்கு. குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மார்ச், ஏப்ரல் பதிவேட்டை மட்டும் புரட்டிப் பட்டியல் போட்டவர்கள் ஜூனிலும் அக்டோபரிலும் திண்டாடுவார்கள்.

அதே வருடத்தின் மருந்து வாங்கிய பில்கள் வேண்டும். எக்ஸ்பயரி ஆகிக் கழித்த மருந்துகளின் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. பட்டியலில் எதை விடலாம் என்பதை அந்தக் கணக்குதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல். 1996-ல் முதலில் வந்தது, கடைசியாக 2022-ல் திருத்தினார்கள். அதில் 384 மருந்துகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பி, எஸ், டி என்று நிலை போட்டிருக்கும்: முதல் நிலை, இரண்டாம் நிலை, உயர்நிலை மருத்துவமனை. உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் பி என்ற எழுத்து இருப்பவை. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நோயாளிகளில் பலர் அரசு ஆஸ்பத்திரியிலும் மாத்திரை வாங்குகிறவர்கள். அங்கே என்ன கிடைக்கிறது என்று தெரியாமல் இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆட்களும் முக்கியம். டாக்டர், மருந்தாளுநர், மூத்த நர்ஸ், கணக்குப் பார்ப்பவர் நால்வரும் இருக்க வேண்டும். டாக்டர் மட்டும் போட்ட பட்டியல் அவர் லீவில் போனால் கலைந்துவிடும். கணக்காளர் மட்டும் போட்டால் விலை குறைந்தது மட்டும்தான் மிஞ்சும்.

2. முதலில் நோய்களை எழுதுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். நேராக அலமாரிக்குப் போய், இருக்கிற மருந்தை எல்லாம் எண்ணி, 'இது தேவையா, தேவையில்லையா' என்று கேட்கத் தொடங்குவார்கள். அப்படிக் கேட்டால் எல்லாமே தேவை என்றுதான் தோன்றும். 'எப்போதாவது ஒருத்தருக்கு வேண்டிவரும்' என்ற ஒரு வாக்கியம் போதும், எந்த மருந்தையும் காப்பாற்றிவிடும்.

பதிவேட்டைத் திறந்து, எந்தத் தொந்தரவோடு வந்தார்கள் என்று மாத வாரியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். முப்பது நாற்பது தொந்தரவுகளுக்குள் பெரும்பாலான நோயாளிகள் அடங்கிவிடுவார்கள்.

ஒரே மாவட்டம் என்பதால் எல்லா இடத்துக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கம் பிரஷர், சுகரோடு வலை இழுத்த தோள்வலி, மீன் முள் குத்திய கை, உப்புத் தண்ணீரில் ஊறிய புண் வரும். குலசேகரம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகளின் தோல் அரிப்பு, பாம்புக்கடி, மழைக்காலக் காய்ச்சல். நாகர்கோவில் நகரத்துக்குள் முதியவர்கள் அதிகம்; மகனும் மகளும் வெளிநாட்டில், பெற்றோர் கையில் ஒரு பை நிறைய மாத்திரை. வயல் வேலை உள்ள இடங்களில் எலிக்காய்ச்சலை மறக்கக் கூடாது.

'காய்ச்சல்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். சளியோடு காய்ச்சல், உடம்புவலிக் காய்ச்சல், மஞ்சள் காமாலையோடு காய்ச்சல், ஏழு நாளைத் தாண்டிய காய்ச்சல் என்று பிரித்து எழுதுங்கள். டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகாது, ரத்தக் கசிவு வரலாம். இந்தப் பிரிவு இல்லாவிட்டால் அடுத்த படியில் எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே கலவை மாத்திரை வந்து உட்கார்ந்துவிடும்.

3. எதுவரை நாம், எங்கிருந்து மேல் ஆஸ்பத்திரி

ஒவ்வொரு நோய்க்கு எதிரிலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: முழுதும் இங்கே, முதலுதவி மட்டும் இங்கே, உடனே அனுப்ப வேண்டியது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தக்கலை அரசு மருத்துவமனைக்கோ உங்கள் இடத்திலிருந்து மழை நாளில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பட்டியலின் அளவைத் தீர்மானிப்பது இந்த நேரம்தான்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்து இரண்டு குப்பி வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் கிளினிக்குகள் உண்டு. விஷம் ஏறியவருக்குத் தொடக்கத்திலேயே எட்டிலிருந்து பத்து குப்பி வேண்டும். மருந்துக்கே அலர்ஜி வரலாம், மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் வேண்டும். இவ்வளவும் இல்லாத இடத்தில் இரண்டு குப்பி மருந்து நேரத்தைத்தான் கடத்தும். போதாததற்கு, நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கு மட்டும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ரப்பர் தோட்டங்களில் நடமாடும் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. ஆகவே சிறு கிளினிக்கின் பட்டியலில் பாம்புக்கடிக்கு எதிரே எழுத வேண்டியது ஆம்புலன்ஸ் எண். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டி அனுப்பக் கற்றுக்கொடுங்கள்.

மருந்தே தேவைப்படாதவையும் இந்தப் படியில் தெரியவரும். திருக்கை முள் குத்திய வலிக்குச் சுமார் 45 டிகிரி வெந்நீரில், அதாவது நல்ல கை பொறுக்கும் சூட்டில், அரை மணி நேரத்துக்கு மேல் கையை அமிழ்த்தி வைத்தாலே பாதி வலி போய்விடும். அதற்கப்புறம் புண்ணைச் சுத்தம் செய்வதும் டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசியும்.

காசநோய் மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். நாம் வாங்கி வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் கூடாது, ஏனென்றால் பாதியில் நின்ற சிகிச்சை மருந்துக்கு மசியாத காசநோயை வளர்க்கும். பிரஷர், சுகர் மாத்திரை அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டு எண்ணிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் வாங்கிய மாத்திரை வீட்டு டப்பாவில் சேரும், சிலர் இரண்டையும் சேர்த்தே விழுங்குவார்கள்.

4. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு முதல் மருந்து

இனிதான் மருந்தின் பெயர் வர வேண்டும். நான்கு கேள்விகள், இதே வரிசையில்: வேலை செய்யும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறதா? ஆபத்து எவ்வளவு? நம்மிடம் வருகிறவர்களுக்குப் பொருந்துமா? விலை என்ன? விலை கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. வேலை செய்யாத மருந்து ஐம்பது காசுக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

விலையைப் பார்க்கும்போது மாத்திரை விலையைப் பார்க்காதீர்கள், முழு சிகிச்சையின் விலையைப் பாருங்கள். தினம் மூன்று வேளை சாப்பிடும் ஒரு ரூபாய் மாத்திரையை விட, தினம் ஒன்று போதும் என்கிற இரண்டு ரூபாய் மாத்திரை மலிவு. மாதக்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கப் போகும் தூத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வேளை மாத்திரைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆழ்கடலில் விசைப்படகில் மூன்று வேளை மருந்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

பொருத்தம் என்ற கேள்வியை அவசரத்தில் தாண்டிவிடுவார்கள். அதில் கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், சிறுநீரகம் பழுதானவர், எழுபது வயது தாண்டியவர் எல்லாரும் அடக்கம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்று எழுதுமுன், வலியோடு வருகிறவர்களில் எத்தனை பேருக்குப் பிரஷரும் சிறுநீரகக் கோளாறும் இருக்கின்றன என்று பதிவேட்டில் பாருங்கள். முதல் இடத்தில் பாராசிட்டமாலையும் பூசும் மருந்தையும் வைத்துவிட்டு, டைக்ளோஃபெனாக்கைச் சில நாள் மட்டும் என்ற குறிப்போடு இரண்டாவதாக வைப்பீர்கள்.

ஒரே வேலை செய்யும் மருந்துக் குடும்பத்திலிருந்து ஒன்று போதும். பிரஷர் மாத்திரையில் அம்லோடிபின் இருந்தால் சில்னிடிபின் எதற்கு? டெல்மிசார்டான் இருந்தால் ஓல்மெசார்டான் எதற்கு? கேஸ் மாத்திரையில் ஒமெப்ரசோல் ஒன்று போதும், பான்டோபிரசோலும் ரபெப்ரசோலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ராணிடிடின் 2022 தேசியப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதை வாங்கும் இடங்கள் உண்டு, பழக்கம்தான் காரணம்.

அடுத்து வடிவமும் அளவும். மருந்தின் பெயரை எழுதிவிட்டு 'அளவு பிறகு' என்று விட்டால் வம்பு. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராமும் வருகிறது, 250 மில்லிகிராமும் வருகிறது. குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்துக் கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்றால் முதல் சிரப்பில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. போன தடவை மாதிரியே என்று அம்மா 250 சிரப்பில் 6 மில்லி கொடுத்தால் அளவு இரட்டிப்பு. அலமாரியில் ஒரே அளவு சிரப் மட்டும் வைத்தால் இந்தத் தவறுக்கு இடமே இல்லை. தினமும் நடக்கக்கூடிய தவறு என்பதால் இதற்கு ஒரு கூட்டமே போட்டாலும் தகும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்ஸும் துத்தநாகமும் (ஜிங்க்). ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாகம் தினம் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குள் 10 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்ற மறுநாளே நிறுத்திவிடுவார்கள், ஆகவே 14 மாத்திரை அட்டையாகவே வாங்குங்கள். பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போட்டுக் கலக்குவது நம் ஊரில் சாதாரணம். அளவு குறிக்கப்பட்ட ஒரு லிட்டர் பாட்டிலைக் கவுண்டரில் வைத்துக் காட்டிக்கொடுப்பது எந்த அறிவுரையையும் விட உதவும்.

5. ஆன்டிபயாட்டிக்குக்குத் தனிப் பக்கம்

இதை மற்றவற்றோடு கலந்து எழுதாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் வகை தாராளமாகக் கிடைக்க வேண்டியது: அமாக்ஸிசிலின், செஃபலெக்ஸின், டாக்ஸிசைக்ளின், ஜென்டாமைசின் போன்றவை. இரண்டாவது கண்காணிப்போடு கொடுக்க வேண்டியது: அஸித்ரோமைசின், செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்ஸசின், செஃப்ட்ரியாக்ஸோன். மூன்றாவது கடைசிக் கட்டத்துக்காக ஒதுக்கி வைப்பது, அது சிறு கிளினிக்கின் அலமாரிக்கு வரவே கூடாது.

நடைமுறை தலைகீழாக இருக்கிறது. தொண்டை கரகரப்புக்கு அஸித்ரோமைசின், மூன்று நாள் காய்ச்சலுக்கு செஃபிக்ஸிம் என்று இரண்டாம் வகைதான் முதலில் கைக்கு வருகிறது. காரணம் எளிது. அஸித்ரோமைசின் தினம் ஒன்று, மூன்று நாள், சின்ன அட்டை. அமாக்ஸிசிலின் தினம் மூன்று வேளை. ஆனால் சாதாரண சளிக்கும் பெரும்பாலான தொண்டைவலிக்கும் வைரஸ்தான் காரணம், இரண்டுமே தேவையில்லை. தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்குக்கும் அப்படியே. ரத்தம் கலந்து போனால் பேச்சு வேறு.

அந்தத் தனிப் பக்கத்தில் இரண்டாம் வகை மருந்துக்கு எதிரே எந்த நோய்க்கு, எத்தனை நாள், யார் எழுதலாம் என்று மூன்று கட்டம் போடுங்கள். டைபாய்டுக்கு அஸித்ரோமைசின் என்றால் எழுதலாம். 'காய்ச்சல்' என்ற சொல்லை மட்டும் அந்தக் கட்டத்தில் அனுமதிக்காதீர்கள்.

டாக்ஸிசைக்ளின் இந்த மாவட்டத்தில் மதிப்புத் தெரியாமல் கிடக்கும் மருந்து. எலிக்காய்ச்சலின் தொடக்கக் கட்டத்துக்கும் உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸுக்கும் அதுதான் கை கொடுக்கும், விலையும் குறைவு. கர்ப்பிணிக்கு ஆகாது. சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். இவ்வளவும் அட்டையின் உறையிலேயே எழுதி ஒட்டலாம்.

கடல் நீரில் பட்ட புண் ஒரே நாளில் வீங்கிக் கறுத்துக் கொப்புளம் கட்டினால், அதுவும் சுகரோ கல்லீரல் நோயோ உள்ளவர் என்றால், மாத்திரை கொடுத்து நாளை வரச் சொல்லாதீர்கள். கடல்நீர்க் கிருமிகளால் வரும் தொற்று மணிக்கணக்கில் ஏறும். உடனே அனுப்ப வேண்டியது என்று மூன்றாம் படியில் எழுதியிருக்க வேண்டும்.

6. வேண்டாம் என்று ஒரு பட்டியல்

எதை வாங்கமாட்டோம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மருந்துக் கம்பெனி ரெப் வரும்போது மருந்தாளுநர் காட்ட ஒரு தாள் வேண்டுமே. வாயால் 'வேண்டாம்' என்றால் வாக்குவாதம் வரும், தாளைக் காட்டினால் வராது.

முதலில் குழந்தைகளுக்கான இருமல் சிரப்புகள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் மாநிலத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023-லேயே உத்தரவு உண்டு. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன் போதும். மார்த்தாண்டம் தேன் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு கலர் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

இரண்டாவது, தேவையில்லாத கலவை மாத்திரைகள். 2024 ஆகஸ்டில் மட்டும் மத்திய அரசு 156 கலவைகளைத் தடை செய்தது. தடை செய்யாதவை எல்லாம் நல்லவை என்று அர்த்தமில்லை. கலவையில் ஒரு மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அலர்ஜி வந்தால் எதனால் என்று தெரியாது. ஓஆர்எஸ், கோ-டிரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை போன்ற சில கலவைகளுக்குத்தான் நியாயம் உண்டு.

மூன்றாவது, டானிக்கும், பலவீனத்துக்கு ஏற்றும் குளுக்கோஸும், கேட்டதற்காகப் போடும் ஊசியும். 'டாக்டரே, ஒரு ஊசி போட்டா சரியாவும்' என்று கேட்கிறவரைக் கோபித்து அனுப்பினால், வழியில் இருக்கிற வேறு இடத்தில் போட்டுக்கொண்டு போவார். மாத்திரையும் ஊசியும் ஒரே மருந்துதான், ஊசியில் சீழ்க்கட்டியும் நரம்புச் சேதமும் கூடுதலாக வரலாம் என்று பொறுமையாகச் சொன்னால் பலர் கேட்டுக்கொள்வார்கள். எல்லாரும் கேட்கமாட்டார்கள்.

7. திருவனந்தபுரத்துச் சீட்டோடு வருகிறவர்கள்

இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். பெரிய வைத்தியத்துக்கு எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போவது இங்கே பல தலைமுறைப் பழக்கம். திரும்பி வரும்போது சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும். அந்தப் பெயர் நம் பட்டியலில் இல்லை என்று மருந்தாளுநர் கைவிரிப்பார், அல்லது அந்தப் பெயரிலேயே புதிதாக வாங்கி வைப்பார். இரண்டுமே தவறு.

ஒரு நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் சீட்டில் வரும் கம்பெனிப் பெயர், வலப்பக்கம் மூலப்பெயர் (கம்பெனி மாறினாலும் மாறாத, மருந்தின் சொந்தப் பெயர்), மூன்றாவது பத்தியில் நம்மிடம் உள்ளது. கொஞ்ச நாளிலேயே அடிக்கடி வரும் பெயர்கள் எல்லாம் அதில் ஏறிவிடும். நம்மிடம் இல்லாத மூலப்பெயர் என்றால் மலிவு விலை மருந்துக் கடைகளான மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்க, மூலப்பெயரைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மூன்றிலும் கம்பெனியை அடிக்கடி மாற்றாதீர்கள். இவற்றில் சிறு வித்தியாசமும் உடம்பில் தெரியும். ஒரே தயாரிப்பில் தொடரவிடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இந்தப் படியில் இன்னொரு வேலை, பையைக் கொட்டச் சொல்வது. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை, திருவனந்தபுரத்து மாத்திரை, நம் மாத்திரை மூன்றையும் மேசையில் பரப்பினால், ஒரே அம்லோடிபின் இரண்டு பெயரில் இருப்பது கண்ணில் படும். வைத்தியரிடம் வாங்கிய லேகியமோ கஷாயமோ உண்டா என்றும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள், இங்கிலீஷ் மருந்து டாக்டர் திட்டுவார் என்ற பயம். குற்றம் சொல்லாமல் எழுதிக்கொண்டாலே போதும்.

8. எவ்வளவு வாங்குவது

கணக்கு சுலபம், ஆனால் ஒரு பொறி உண்டு. வருடத்தில் 24,000 மாத்திரை போயிருக்கிறது என்றால் மாதம் 2,000 என்று வகுத்துவிடுவார்கள். நடுவில் இரண்டு மாதம் ஸ்டாக்கே இல்லாமல் இருந்திருந்தால், பத்து மாதத்தால் வகுக்க வேண்டும். மாதத் தேவை 2,400. இதைக் கவனிக்காத இடத்தில் வருடா வருடம் அதே மருந்துக்குத் தட்டுப்பாடு வரும்.

மாதம் 2,400 மாத்திரை, சரக்கு வந்துசேர 15 நாள், கைக்காவலுக்கு இன்னொரு 15 நாள் இருப்பு என்று வைத்துக்கொண்டால், இருப்பு 2,400-க்கு இறங்கிய அன்றே ஆர்டர் போட வேண்டும். அந்த எண்ணை அலமாரி விளிம்பில் எழுதி ஒட்டுங்கள்.

பணம் போதாதபோது எதை முதலில் வாங்குவது? ஒவ்வொரு மருந்துக்கும் முன்கூட்டியே குறி போட்டு வையுங்கள்: உயிர் காப்பது, அவசியமானது, இல்லாவிட்டாலும் பரவாயில்லாதது. அட்ரினலின், இன்சுலின், ஆஸ்துமாவுக்கான சால்புடமால், வலிப்புக்கான மருந்து முதல் குறி. இவை ஒரு நாளும் தீரக் கூடாது. அட்ரினலின் ஆம்பூலோடு, பெரியவருக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் என்று எழுதிய அட்டையையும் கட்டி வையுங்கள். அலர்ஜியில் ஆள் சரியும்போது புத்தகம் தேட நேரம் இருக்காது.

பருவத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஓஆர்எஸ், டாக்ஸிசைக்ளின், தோல் பூஞ்சைக்கான களிம்பு எல்லாம் மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை கூடுதலாக வர வேண்டும். ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு முப்பது நாள் மாத்திரை என்ற விதியைத் தளர்த்துங்கள். படகு திரும்பும் நாளை அவரே சொல்ல முடியாது. போகும் முன் பிரஷரைப் பார்த்துவிட்டு இரண்டு மாதத்துக்குக் கொடுங்கள், ஈரம் புகாத டப்பாவில்.

9. வைக்கும் இடம்

கடற்கரைக் கிளினிக்கில் வெயிலை விட ஈரமும் உப்புக் காற்றும் பெரிய எதிரி. மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பெட்டிகள் தரையிலும் சுவரிலும் தொடாமல் பலகைமேல் இருக்கட்டும். முதலில் காலாவதியாவது முன்வரிசையில். முதலில் வந்தது என்று வைத்தால் தவறும், பின்னால் வந்த பெட்டிக்கு முந்திய தேதி இருப்பது உண்டு.

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. உள்ளே ஒரு தெர்மாமீட்டர், காலையும் மாலையும் எழுத ஒரு தாள். இன்சுலினை ஃப்ரீசரிலும் கதவிலும் வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மின்சாரம் போனால் இன்சுலினையும் தடுப்பூசியையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இப்போதே பேசி எழுதி வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை ஈர மண்பானையில் வைக்கும் யோசனை நல்லதுதான், ஆனால் ஈரக் காற்றுள்ள கடற்கரையில் பானை அவ்வளவாகக் குளிராது. அவர்களுக்கு ஒரு குப்பிக்கு மேல் கொடுக்காமல் அடிக்கடி வரச் சொல்வது பாதுகாப்பு.

காலாவதியான மருந்தைக் குப்பையிலோ ஆற்றிலோ போடக் கூடாது. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி அது மஞ்சள் பையில் போக வேண்டும்.

10. கையில் கொடுக்கும் நேரம்

நல்ல பட்டியல் கடைசி மூன்றடித் தூரத்தில் கெட்டுப்போகும். 'மக்ளே, அந்த மஞ்ச மாத்திரை தா' என்று பாட்டி கேட்பார். கம்பெனி மாறினால் நிறமும் மாறும். நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் சொல்லவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. புது நிறம் வந்தால் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, இதுதான் பாட்டி அது, இரண்டும் சேர்த்துப் போடாதீங்க என்று சொல்ல வேண்டும்.

உறையில் பெயர், எதற்கு, எத்தனை, எந்த வேளை, எத்தனை நாள் என்று ஐந்தும் தமிழில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்தால் புரியும். அப்புறம், 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்' என்று கேளுங்கள். தவறு அங்கேயே வெளியே வந்துவிடும். மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் மாதிரிப் பெயர் ஒத்த மருந்துகளை ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூறு சீட்டு

பட்டியல் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. பழைய சீட்டுகளில் நூறை இடையிடையே உருவி எடுத்து ஐந்தை எண்ணுங்கள்: ஒரு சீட்டுக்குச் சராசரி எத்தனை மருந்து, மூலப்பெயரில் எழுதியவை எத்தனை சதவீதம், ஆன்டிபயாட்டிக் உள்ள சீட்டு எத்தனை, ஊசி உள்ளது எத்தனை, பட்டியலில் உள்ள மருந்து எத்தனை சதவீதம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகோல்கள்தான் இவை. மற்ற மருத்துவமனையோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் போன காலாண்டோடு ஒப்பிடுங்கள். டாக்டர் பெயரைப் போட்டுச் சுவரில் ஒட்டினால் அடுத்த முறை சீட்டே கைக்கு வராது. தனியாகக் காட்டுங்கள்.

புது மருந்து சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். அதற்கு ஒரு பக்கப் படிவம் போதும்: எந்த நோய்க்கு, இப்போது உள்ள மருந்து ஏன் போதவில்லை, முழு சிகிச்சைக்கு என்ன விலை, இதற்குப் பதில் எதை எடுக்கலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதி விண்ணப்பங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மருந்தால் தடிப்பு, வீக்கம், மயக்கம் என்று எது வந்தாலும் எந்த மருந்து, எந்தத் தொகுப்பு எண், எத்தனாவது வேளை என்று ஒரு நோட்டில் எழுதி, 1800-180-3024 என்ற மருந்துப் பாதுகாப்பு இலவச எண்ணில் தெரிவியுங்கள். நோயாளியின் சீட்டின் மேலேயும் சிவப்பு மையில் அந்த மருந்தின் மூலப்பெயரை எழுதிக் கொடுங்கள், அடுத்து அவர் போகிற ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அதைப் படிக்க முடியும்.